கம்பெனி இல்லாமல் பாட முடியுமா? லொரீனா மெக்கென்னிட்டின் கணக்கு

கேள்வி இது: "பகலில் ஐடி வேலை, இரவில் பியானோ. நானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடிய எட்டுப் பாடல்கள் கையில் இருக்கின்றன. கனடாப் பாடகி லொரீனா மெக்கென்னிட் எந்த மியூசிக் கம்பெனியும் இல்லாமல் 1.4 கோடி ஆல்பங்கள் விற்றதாகப் படித்தேன். உண்மையா? உண்மை என்றால் நானும் வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?" பார்ப்பதற்கு மெக்கென்னிட்டைப் பற்றிய கேள்வி போலத் தெரிகிறது. நீங்கள் உண்மையில் கேட்பது, கம்பெனியிடம் கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் சுதந்திரமா, அந்தச் சுதந்திரத்தில் வயிறு நிறையுமா என்பது. முதலில் என்னைப் பற்றி ஒரு வரி: நான் இசைக்கலைஞன் அல்ல, வழக்கறிஞரும் அல்ல. இசையமைப்பாளர்களுக்கும் பாடகர்களுக்கும் ராயல்டி கணக்குப் பார்க்கிற தொழில், கோடம்பாக்கத்தில், பல வருடங்களாக. உங்கள் பாட்டு நன்றாக இருக்கிறதா என்று என்னால் சொல்ல முடியாது. பணம் எந்த வழியில் வரும், எந்த இடத்தில் காணாமல் போகும் என்று சொல்ல முடியும்.

நீங்கள் படித்ததில் பாதி சரி. 1.4 கோடி என்பது அவருடைய நிறுவனமே சொல்லிவரும் எண். பல நாடுகளில் கோல்டு, பிளாட்டினம் சான்றிதழ்கள் வாங்கியவர் என்பதால் அதை நம்புவதில் எனக்குத் தயக்கம் இல்லை. "எந்த கம்பெனியும் இல்லாமல்" என்பதுதான் தவறு. 1991 முதல் அவருடைய ஆல்பங்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனது வார்னர் என்ற பெரிய மியூசிக் கம்பெனி. ஆனால் வார்னருக்கு அவர் எதையும் விற்கவில்லை. வாடகைக்குத்தான் விட்டார். அவர் வாழ்க்கையிலிருந்து உங்களுக்குப் பயன்படுகிற பாடம் அநேகமாக இந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கனடாவின் மானிடோபா மாகாணத்தில் மோர்டன் என்ற சிற்றூரில் 1957ல் பிறந்தவர். அம்மா நர்ஸ், அப்பா கால்நடை வியாபாரி. சிறுவயதிலிருந்து முறையாகப் பியானோவும் பிறகு குரலிசையும் படித்தார். கால்நடை மருத்துவராகும் எண்ணத்தில் வின்னிபெக் போனவரை அங்கிருந்த நாட்டுப்பாடல் வட்டம் இழுத்துக்கொண்டது. 1981ல் ஒண்டாரியோவின் ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஆண்டுதோறும் பெரிய ஷேக்ஸ்பியர் நாடக விழா நடக்கும். அதில் கோரஸில் பாடினார், சின்ன வேடங்களில் நடித்தார், நாடகங்களுக்கு இசையமைத்தார். நாடகச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி என்று நம்மூர் நாடகக்காரர்களிடம் கேட்டால் தெரியும். கனடாவிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சொந்தமாகப் பாடல் பதிவு செய்து விற்பது எப்படி என்று டயான் ராப்பபோர்ட் எழுதிய ஒரு கையேடு அப்போது அவருக்குக் கிடைத்தது. குடும்பத்தினரிடம் கடன் வாங்கினார். 1985 ஜூலையில் ஒண்டாரியோவின் கிராமப்புறத்தில், பழைய களஞ்சியம் ஒன்றில் நடந்துவந்த ஸ்டுடியோவில், ஒரே வாரத்தில் முதல் ஆல்பத்தை முடித்தார். பெயர் 'எலிமென்டல்', வடிவம் காசெட். வெளியிட யாரையும் தேடாமல் குயின்லன் ரோடு என்று தானே ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்றுவரை அவருடைய இசை அந்த நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கிறது. மேனேஜரும் அவரே.

சரி, காசெட் வந்தாயிற்று, யார் வாங்குவது? டொரண்டோவின் செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட்டில் காய்கறி வாங்க வருகிறவர்கள் நடுவே யாழ் வாசித்துப் பாடினார். பாட்டைக் கேட்டு நின்றவர்களிடம் காசெட்டை விற்றார். அவர்களுடைய முகவரிகளையும் வாங்கிச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆல்பம் வந்தபோது அந்த முகவரிகளுக்குத் தபால் போயிற்று. என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைக்கு அவருடைய குரலைவிட அந்த முகவரிப் பட்டியல்தான் மெய்சிலிர்க்க வைக்கிறது. யார் வாங்கினார்கள் என்ற தகவல் பொதுவாகக் கடைக்குத் தெரியும், அல்லது கம்பெனிக்குத் தெரியும். பாடியவருக்குத்தான் தெரியாது. இவருக்கு அது தெரிந்திருந்தது. 1987ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்கு அயர்லாந்தின் கிளென்ஸ்டல் மடாலயம், கனடாவின் குவெல்ஃப் நகரத் தேவாலயம் போன்ற இடங்களுக்குப் போய்ப் பதிவு செய்தார். கல்சுவர் தரும் எதிரொலியை எந்த ஸ்டுடியோவும் இனாமாகத் தராது. 1989ல் மூன்றாவது ஆல்பம்.

வார்னர் வந்தது அதற்கப்புறம்தான். இந்த வரிசை முக்கியம். மூன்று ஆல்பங்கள், கையில் வாசகர் பட்டியல் போல ஒரு ரசிகர் பட்டியல், கச்சேரிக்கு நிறைகிற அரங்குகள். இவ்வளவும் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்கிறவரிடம் "உரிமையை எழுதிக் கொடு" என்று கேட்பது கஷ்டம். 1991ல் வந்த 'தி விசிட்' ஆல்பத்தை அவர் தன் செலவில் தயாரித்து, வார்னருக்கு உரிமம் மட்டும் கொடுத்தார். அதாவது பதிவு செய்த ஒலியின் சொத்துரிமை (மாஸ்டர்) குயின்லன் ரோடு கையில், விநியோகம் வார்னர் கையில். இப்படிப்பட்ட உரிமத்துக்குக் காலவரை உண்டு. அது முடிந்ததும் வேறு ஆளிடம் போகலாம். போனார்: 2006ல் வந்த ஆல்பம் அமெரிக்காவில் வெர்வ் என்ற வேறொரு கம்பெனி வழியாக வெளியானது.

நம்மூரில் பலருக்கு இந்த இடம் குழப்பமாக இருப்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று மெட்டும் வரிகளும். மற்றொன்று அதைப் பாடிப் பதிவு செய்த ஒலி, தொழிலில் மாஸ்டர் என்போம். வீடும் மனையும் தனித்தனியே பத்திரப்பதிவு ஆவது போல இவை இரண்டும் தனித்தனியே கைமாறலாம். வழக்கமான கம்பெனி ஒப்பந்தத்தில் அட்வான்ஸ் தருவார்கள், பதிவுச் செலவையும் ஏற்பார்கள். பிறகு இரண்டையும் பாடகரின் ராயல்டியிலிருந்தே கழித்துக்கொள்வார்கள். எல்லாம் கழிந்த பிறகும் மாஸ்டர் கம்பெனியுடையதாகவே இருக்கும். செலவைக் கட்டி முடித்தவர் நீங்கள், சொந்தக்காரர் அவர். சட்டப்படி சரிதான். கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே.

மெக்கென்னிட் மெட்டு, வரி என்ற பக்கத்திலும் கெட்டிக்காரத்தனமாக இருந்தார். அவருடைய புகழ்பெற்ற பாடல்கள் சிலவற்றின் வரிகள் அவர் எழுதியவை அல்ல. ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் 'ஷாலட் சீமாட்டி' கவிதையைப் பதினொரு நிமிடத்துக்கும் மேலாக ஓடும் பாட்டாக்கினார். ஷேக்ஸ்பியரின் வரிகள், வில்லியம் பிளேக்கின் வரிகள், அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல்கள் என்று நிறைய எடுத்தார். டென்னிசன் இறந்தது 1892ல். யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை, மெட்டின் முழுப் பங்கும் அவருக்கே. இதற்காகத்தான் அந்தக் கவிதைகளைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. நாடக விழாவில் ஊறியவருக்கு அவை இயல்பாகவே வந்திருக்கும். ஆனால் விளைவு அதுதான். பாரதியின் வரிகளுக்கு மெட்டுப் போட நினைத்தால் உங்களுக்கும் இந்த வசதி இருக்கிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கப் பாடகி நீனா சிமோன். செவ்வியல் பியானோ கலைஞராக வேண்டும் என்று சிறுவயது முழுக்கப் பயிற்சி எடுத்தவர். ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் இசைக் கல்லூரி 1951ல் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பிழைப்புக்காக அட்லான்டிக் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில் வாசிக்கப் போனவரை, பாடினால்தான் வேலை என்று சொல்லிப் பாடகியாக்கினார்கள். 1950களின் கடைசியில் பதிவான தன் முதல் ஆல்பத்தின் உரிமையை 3,000 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அதிலிருந்த ஒரு பாட்டை 1987ல் ஷனேல் வாசனைத் திரவிய விளம்பரத்தில் போட்டார்கள். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு ஐந்தாம் இடம் வரை போயிற்று. அந்த ஒரு கையெழுத்தால் பத்து லட்சம் டாலருக்கு மேல் இழந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பியானோவில் மெக்கென்னிட்டை அவருக்குப் பக்கத்தில்கூட வைக்க முடியாது என்பது என் சொந்த அபிப்பிராயம். திறமைக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

மெக்கென்னிட் கதையில் எல்லோரும் அறிந்த வெற்றி 1997ல் வந்த 'தி புக் ஆஃப் சீக்ரெட்ஸ்'. அதற்காக சைபீரியா வழியே ரயிலில் போனார், பழங்கால ஐரோப்பியரான கெல்டிக் மக்களின் தடங்களைத் தேடி ஊர் ஊராகத் திரிந்தார், இங்கிலாந்தில் பாடகர் பீட்டர் கேப்ரியலின் ரியல் வேர்ல்டு ஸ்டுடியோவில் பதிவு செய்தார். செலவு அத்தனையும் சொந்த நிறுவனத்தினுடையது. அதிலிருந்த 'தி மம்மர்ஸ் டான்ஸ்' பாட்டின் ரீமிக்ஸ் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 18ஆம் இடத்துக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 40ஐத் தாண்டியிருந்தது. முதல் காசெட் வெளிவந்து பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. "கம்பெனி இல்லாமல் ஜெயித்தார்" என்று ஒரு வரியில் சொல்கிறவர்கள் இந்தப் பன்னிரண்டு வருடங்களைச் சொல்வதில்லை.

அந்த உச்சத்திலேயே, 1998 ஜூலையில், அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த ரொனால்டு ரீஸ், ரீஸின் சகோதரர், அவர்களுடைய நண்பர் மூவரும் கனடாவின் ஜார்ஜியன் விரிகுடாவில் மூழ்கி இறந்தார்கள். மெக்கென்னிட் ஒதுங்கிவிட்டார். அவர்கள் பெயரால் நீர்ப் பாதுகாப்புக்கும் தேடுதல் பணிக்கும் ஒரு நிதி தொடங்கி, பாரிஸ், டொரண்டோ கச்சேரிகளின் நேரடிப் பதிவை 1999ல் வெளியிட்டு அதன் வருமானத்தை, சுமார் 30 லட்சம் டாலர், அதற்குக் கொடுத்தார். அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் வந்தது 2006ல். ஒன்பது வருட இடைவெளி. உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய ஆகச் சிறந்த பதில் இந்த இடைவெளிதான். கம்பெனியின் வழக்கமான ஒப்பந்தத்தில் இத்தனை வருடத்துக்குள் இத்தனை ஆல்பம் என்று இருக்கும். வருமானம் முழுவதையும் ஒரு நிதிக்குத் திருப்ப வேண்டுமென்றால் கம்பெனியிடம் அனுமதி கேட்க வேண்டும். இவர் யாரையும் கேட்கவில்லை. பழைய மாஸ்டர்கள் சொந்தமாக இருந்ததால் அவற்றின் வருமானமும் நிற்கவில்லை.

அவருடைய பிடிவாதம் இசையோடு நிற்கவில்லை. முன்னாள் தோழி ஒருவர் அவருடைய அந்தரங்க வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது லண்டன் நீதிமன்றத்துக்குப் போனார். 2005ல் உயர் நீதிமன்றத்திலும் 2006ல் மேல்முறையீட்டிலும் வென்றார். இழப்பீடு வெறும் 5,000 பவுண்டுதான், ஆனால் இங்கிலாந்தின் அந்தரங்க உரிமைச் சட்டத்தில் அது முக்கியமான தீர்ப்பு. 2018ல் ஃபேஸ்புக்கில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பின்தொடர்ந்த தன் பக்கத்தை மூடிவிட்டார். தனிநபர் தகவல்களை அந்த நிறுவனம் கையாண்ட விதம் பிடிக்கவில்லை. முகவரிப் பட்டியலைத் தானே வைத்திருந்தவரால் அப்படி மூட முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது நடந்தது. இனி சொல்வதில் என் ஊகமும் கலந்திருக்கிறது. அவர் போன வழியில் இன்று போக முடியுமா? முழுவதும் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் விற்றது பொருள். ஒரு காசெட் விற்றால் செலவு போக நாலைந்து டாலர் கையில் நிற்கக்கூடிய காலம் அது. இன்று நீங்கள் விற்பது கேட்கும் நேரம். ஸ்பாட்டிஃபை ஒரு தடவைக்கு இவ்வளவு என்று நிலையான விலை தருவதில்லை. மொத்த வருமானத்தில் உங்கள் பாட்டின் பங்கைப் பிரித்துத் தருகிறது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அதுவும் இல்லை. இந்தியாவில் பெரும்பாலோர் இலவசமாகக் கேட்கிறார்கள், ஆகவே பங்கும் சிறியது. நான் பார்க்கிற கணக்குகளில் தனிப்பாடல் கலைஞர்களுக்கு வீட்டு வாடகை கட்டுவது கச்சேரி, விளம்பரத்துக்கு இசை, பாட்டு வகுப்பு. ஸ்ட்ரீமிங் அல்ல. மறுபக்கம், டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற சேவைகள் வழியாக உரிமையை விடாமலேயே உலகம் முழுக்கப் பாட்டை ஏற்றிவிடலாம். 1991ல் வார்னர் போன்ற பெரிய கம்பெனிகளால்தான் செய்ய முடிந்த வேலை அது. வெளியிடுவது மலிவாகிவிட்டது, கேட்க ஆள் சேர்ப்பதுதான் விலை ஏறிவிட்டது.

சட்டத்தில் நீங்கள் கனடாக்காரரைவிட மோசமான இடத்தில் இல்லை. 2012ல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தப்படி, மெட்டுப் போட்டவரும் வரி எழுதியவரும் ராயல்டியில் தங்களுக்குரிய சமபங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. சினிமா அல்லாத ஒலிப்பதிவுகளுக்கும் இது பொருந்தும். வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், நிலப்பரப்பு குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தயாராக வருகிற ஒப்பந்தங்களில் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த வார்த்தைகளைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். மெட்டுக்கும் வரிக்கும் உரிய ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, எட்டுப் பாடல்களையும் பதிவு செய்யுங்கள். மெட்டுக்கும் வரிக்கும் வரவேண்டிய பணம் அந்த வழியில்தான் வரும், பாட்டை ஏற்றும் சேவை வழியாகப் பொதுவாக வராது. அதை விட்டுவிட்டு வருடக்கணக்காக இருக்கிறவர்கள் நிறையப் பேர்.

வேலையை விடலாமா? உங்களுக்கு மெக்கென்னிட்டைவிட வியன்னா டெங் பொருத்தமான உதாரணம். தைவானிலிருந்து வந்த பெற்றோருக்கு 1978ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். உங்களைப் போலவே பியானோ, குரல், சொந்தப் பாடல். ஸ்டான்ஃபோர்டில் கணினி அறிவியல் படித்து சிஸ்கோவில் மென்பொருள் வேலையில் இருந்தார். வேலையில் இருந்துகொண்டே பாடல்களைச் சேர்த்து, ஒரு சிறிய நிறுவனம் முதல் ஆல்பத்தை வெளியிட்ட 2002ல்தான் வேலையை விட்டார். அடுத்த வருடம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் பாடினார். நான்கு ஆல்பங்கள் ஆனதும், 2010ல், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வணிகமும் சுற்றுச்சூழலும் படிக்கப் போய்விட்டார். 2013ல் தானே ஓர் ஆல்பம் வெளியிட்டார். பிறகு வேறு வேலை, இடையிடையே இசை. இதைத் தோல்வி என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பாட்டு அவருக்குச் சோறு போட்டாக வேண்டிய கட்டாயம் நீங்கிவிட்டது, பாட்டை அவர் விட்டுவிடவும் இல்லை.

என் யோசனை, இப்போது விடாதீர்கள். மெக்கென்னிட் மார்க்கெட்டில் சேர்த்த பட்டியல் போல, நீங்கள் கூப்பிட்டால் டிக்கெட் வாங்கி வருகிறவர்களின் மின்னஞ்சல் ஒரு சில நூறு சேரும்வரை வேலை இருக்கட்டும். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிறவர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள், அந்தப் பட்டியல் உங்களுடையது இல்லை.

அதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த எட்டுப் பாடல்களை எங்கே, யார் செலவில் பதிவு செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அதைத் தயாரிக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவருக்கு. ஸ்டுடியோ பணத்தை நண்பர் யாராவது கொடுத்து, ஏற்பாடும் அவரே செய்திருந்தால், மாஸ்டர் தன்னுடையது என்று நாளை அவர் சொல்ல இடமிருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால், நட்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கிடார், வயலின் வாசித்துக் கொடுத்தவர்களிடமும் அப்படியே. பதிவின் தனித்தனி டிராக்குகள் ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்கில் மட்டும் இருந்தால் ஒரு பிரதி வாங்கி வந்துவிடுங்கள்.